காரணம்: ஆயிரம் எழுத்துக்குள்

ஷார்ஜா ரோலாவில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்
என் டைப்பிங் சென்டர்.
விசா, வாடகை ஒப்பந்தம், ஒருமுறை விவாகரத்து,
எல்லாம் அடித்துக் கொடுத்திருக்கிறேன்.
அபராதத் தள்ளுபடி மனு
அந்த வருடம் மே மாதத்தில்தான் வரிசையில் வந்தது.

முகைதீன் பிச்சை நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.
இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் சோபா தைக்கும் கடை,
பதினெட்டு வருடம், நாலு மெஷின்.
"வாட் ஏன் கட்டல?"
"இருபத்தெட்டாந் தேதி கட்டணும், தெரியும்மா.
பதினாறாந் தேதி மழை."

அதற்கு மேல் அந்த மழைக்கு
இந்த ஊரில் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

ஃபோம் தண்ணீர் குடிக்கும் விதத்தை மட்டும் சொன்னார்.
ஒருவன் தோளில் போட்டுப் போகும் பாளத்தை
ஆறு பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லையாம்.
பத்து நாள் நின்றது.
பதினோராம் நாள் நாறத் தொடங்கியது.

பிறகு குரலைத் தாழ்த்தினார்,
ஜெராக்ஸ் மெஷினுக்குக் கூடக் கேட்கக் கூடாது என்பது போல:
"வாங்குனவங்க குடுத்த வரிக் காசுதாம்மா.
தனியா எடுத்து வைக்கல. ரமலான் ஆர்டருக்கு
வெல்வெட் வாங்கிட்டேன்.
சர்க்கார் காசும் எங் காசும்
ஒரே சுருள்ல முங்கிருச்சு."

திரையில் ஒரு கட்டம்.
காரணம், ஆயிரம் எழுத்துக்குள்.
அவர் பேசத் தொடங்கினார், நான் எண்ணத் தொடங்கினேன்.
'நாசமாப் போச்சு' என்றதற்கு அரபியில் ஒரு சொல் போட்டேன்.
எழுத்து மிச்சமானது,
நாசமும் கொஞ்சம் குறைந்துவிட்டது.
வெல்வெட்டைப் பற்றி எழுதவில்லை.
அது சரியா என்று இன்றுவரை தெரியாது.

அடுத்து ஆதாரம்.
போலீஸ் சான்றிதழ் இருந்தது, வேனுக்கு மட்டும்.
பில் புத்தகம்? தண்ணீரில்.
படம் எடுத்தீர்களா? எடுத்த போனும் தண்ணீரில்.
முங்கியதை நிரூபிக்க
முங்கியவைதான் வேண்டியிருந்தன.

"சுவரில் கோடு இருக்குமே" என்றேன்.
தண்ணீர் போகும்போது கையெழுத்து வைத்துவிட்டுத்தானே போகும்.
அவர் தரையைப் பார்த்தார்.
"வெள்ளையடிச்சிட்டேன். பில்டிங்காரன் சொன்னான்,
இல்லன்னா டெபாசிட் கிடையாதுன்னு."

அன்று சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு அவர் கூடவே போனேன்.
ஏன் என்று கேட்காதீர்கள், முப்பது திர்ஹம் வேலை அது.
குடோனில் ஒரு ட்யூப்லைட்.
சுவர் எதுவுமே நடக்காதது போல் நின்றது.
சட்டைப் பையிலிருந்து ஒரு திர்ஹம் நாணயத்தை எடுத்து
இடுப்பளவில் சுரண்டினார்.
இல்லை.
நெஞ்சளவில். அங்கும் இல்லை.
மெஷினை நிறுத்திவிட்டுத் தேக் பகதூர் எழுந்து வந்தான்,
அந்த ராத்திரி அலமாரி மேல் படுத்துக் கிடந்தவன்.
பேசாமல் தன் தாடையைத் தொட்டு,
அதே உயரத்தில் சுவரைத் தொட்டான்.

வெள்ளைக்குக் கீழே பழுப்பு வந்தது,
குடித்து வைத்த சாயா கிளாஸின் விளிம்பு மாதிரி.
ஒரு முழம் சுரண்டினோம், நான் என் சாவியால்.
கோட்டுக்குப் பக்கத்தில் டேப் பிடித்துப் படம் எடுத்தோம்.
தையற்கடையில் டேப்புக்கா பஞ்சம்.
நூற்று நாற்பத்தொரு சென்டிமீட்டர்.
சுரண்டிய இடத்துக்கு மறுபடி பெயிண்ட் வாங்கணும் என்று
அவர் தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

மனு போனது. எண் வந்தது.
"அபராதத்தத் தள்ளலாம், தள்ளாமலும் போகலாம்.
வரியத் தள்ள மாட்டாங்க, தவணைதான் கேக்கலாம்."
மூன்று தடவை சொன்னேன்.
"அது சரிதாம்மா. அது எங் காசில்லையே."

கூலியில் அந்த நாணயமும் சேர்ந்தே வந்தது,
விளிம்பில் வெள்ளை ஒட்டியபடி.
பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சொல்ல ஆசைதான்.
மறுநாள் காலை சாயாவுக்குக் கொடுத்துவிட்டேன்.
திரையில் அவர் மனு 'பரிசீலனையில்' என்றே இருந்தது.
கடைக்காரன் காசைத் திருப்பிப் பார்த்தான்,
நகத்தால் சுரண்டினான்,
"செல்லும்" என்றான்.